கடலைக்காய்ச் சந்தை

பெங்களூரில் பசவனகுடி என்று ஒரு பகுதி உள்ளது. அங்கே பெரிய நந்தி கோயில் இருக்கிறது. நந்தி ஒரே கல்லில் செதுக்கியது. உயரம் சுமார் 15 அடி.

ஆண்டுதோறும் கன்னட நாட்காட்டியின் கார்த்திக மாதக் கடைசித் திங்கட்கிழமை அங்கே போய்ப் பாருங்கள். தெரு முழுவதும் நிலக்கடலைக் குவியல்தான்! இதைக் கன்னடத்தில் ‘கடலேகாய் பரிஷெ’ என்பார்கள். பரிஷெ என்றால் திருவிழாச் சந்தை.

இது எப்படி வந்தது? மக்கள் ஒரு கதை சொல்கிறார்கள். முன்பு இங்கே கடலைக் காடுகள் இருந்தன. ஒரு காளை வந்து செடிகளைத் தின்றது. உழவர்கள் அதற்குக் கோயில் எழுப்பினார்கள். முதல் விளைச்சலை அதற்கே படைத்தார்கள்.

இன்று அந்தக் காடுகள் இல்லை. வீடுகளும் கடைகளும் வந்துவிட்டன. ஆனால் சந்தை நிற்கவில்லை. கோலார், மாகடி பக்கமிருந்தும் தமிழ்நாடு, ஆந்திராவிலிருந்தும் மூட்டைகள் வருகின்றன. உழவரும் வருகிறார், வியாபாரியும் வருகிறார். உழவரிடமே வாங்கினால் தரகு இல்லை. உழைத்தவர் கைக்கே காசு சேரும்.

பச்சைக் கடலை, வறுத்தது, அவித்தது எல்லாம் கிடைக்கும். சேர் கணக்கில் அளந்து போடுவார்கள். அளவைக் கவனியுங்கள். காய்ந்த கடலையைக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே பருப்பு குலுங்கினால் நன்றாகக் காய்ந்தது.

100 கிராம் பருப்பில் சுமார் 25 கிராம் புரதம் உண்டு. வளரும் பிள்ளைகளுக்கு நல்லது. ஆனால் பூசணம் பிடித்த கடலை வேண்டாம். அதில் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டாகும். வறுத்தாலும் அது முழுதாகப் போகாது.

அடுத்த கார்த்திகையில் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். கடலை விளைவித்த உழவரை அவர்களுக்குக் காட்டுங்கள்.