வெலிங்டனில் படித்தவர் நைஜீரியாவை ஆண்டார்!
துப்பாக்கி ஏந்திய ஆட்சியும் மக்கள் குரலைக் கேட்ட கதை

குன்னூரில் இருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரெயில், முதலில் நிற்கும் இடம் வெலிங்டன். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். நடுவே ராணுவ முகாம். மதராஸ் ரெஜிமெண்ட் படைவீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடம் இதுதான்.

இங்கே ஒரு கல்லூரி இருக்கிறது. முப்படை அதிகாரிகள் படிக்கும் கல்லூரி. "ஸ்டாப் காலேஜ்" என்றால் நீலகிரியில் எல்லோருக்கும் தெரியும். நட்பு நாடுகளின் அதிகாரிகளும் இங்கு வந்து படிக்கிறார்கள்.

1965-ம் ஆண்டில் ஆப்பிரிக்காவில் இருந்து ஓர் இளம் அதிகாரி வந்தார். அவர் பெயர் ஒலுசெகுன் ஒபசாஞ்சோ. நைஜீரியா நாட்டுக்காரர். படிப்பை முடித்து ஊர் திரும்பினார். 11 ஆண்டு கழித்து அந்த நாட்டுக்கே தலைவர் ஆனார்!

தேர்தலில் நின்று வென்றாரா? இல்லை. 1976 பிப்ரவரியில், ராணுவ ஆட்சியின் தலைவராக இருந்த முர்தாலா முகமது சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த இடத்தில் இருந்த ஒபசாஞ்சோ ஆட்சிக்கு வந்தார். பாராளுமன்றம் இல்லை, ஓட்டுப் பெட்டியும் இல்லை. ராணுவம் வைத்ததே சட்டம்.

அப்படிப்பட்ட ஆட்சிக்கு மக்களின் அபிப்பிராயம் எதற்கு?

சோவெட்டோவில் சிந்திய ரத்தம்

தென்னாப்பிரிக்காவில் அப்போது வெள்ளையர் ஆட்சி. கறுப்பு மக்களுக்கு ஓட்டு இல்லை. நம் தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்ற நாடு அது. 1976 ஜூன் 16-ந்தேதி, சோவெட்டோ நகரில் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். போலீசார் சுட்டார்கள். பிஞ்சுப் பிள்ளைகள் மாண்டார்கள்.

இந்தச் செய்தி கேட்டு நைஜீரிய மக்கள் கொதித்தார்கள். அந்த ஆண்டின் கடைசியில் ஒரு நிவாரண நிதி தொடங்கப்பட்டது. சர்க்கார் ஊழியர்கள் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்தார்கள். மாணவர்கள் மதியச் சாப்பாட்டை விட்டு, அந்தக் காசைக் கொடுத்தார்கள். "மண்டேலா வரி" என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது!

சாப்பாட்டுக் காசைக் கொடுத்தவன், "என் சர்க்கார் என்ன செய்கிறது?" என்று கேட்காமல் இருப்பானா?

ஒபசாஞ்சோவும் இதில் உறுதியாக நின்றார். 1976-ல் மாண்ட்ரியால் ஒலிம்பிக் பந்தயத்தில் இருந்து நைஜீரியா விலகியது. 1977-ல் நிறவெறிக்கு எதிரான உலக மாநாடு, நைஜீரியாவின் லாகோஸ் நகரில் நடந்தது.

எண்ணெய்க் கம்பெனிக்கு விழுந்த அடி

1979-ல் பெரிய அடி விழுந்தது. "பிரிட்டிஷ் பெட்ரோலியம்" பெரிய எண்ணெய்க் கம்பெனி. நைஜீரியாவில் எண்ணெய் எடுத்து வந்தது. தென்னாப்பிரிக்காவுக்கு எண்ணெய் போக அது வழி செய்கிறது என்று கோபம் மூண்டது. ரொடீஷியாவில் அமைந்த புதிய ஆட்சியை பிரிட்டன் அங்கீகரித்துவிடுமோ என்ற கவலையும் சேர்ந்தது.

லுசாகா நகரில் காமன்வெல்த் மாநாடு கூட இருந்தது. அதற்கு முந்திய நாள், அந்தக் கம்பெனியின் சொத்தை நைஜீரியா தேசியமயம் ஆக்கியது! லண்டன் திடுக்கிட்டது.

எல்லாக் கட்சிகளையும் கூட்டிப் பேச, அந்த மாநாட்டில் பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு ஏப்ரலில் ரொடீஷியா, ஜிம்பாப்வே என்ற பெயரில் சுதந்திரம் பெற்றது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் நைஜீரியாவின் அடியும் ஒன்று.

நாணயத்தின் மறு பக்கம்

இதைக் கேட்டு, "ராணுவ ஆட்சியே போதுமே!" என்று எண்ணிவிடக் கூடாது.

1978-ல் அதே நைஜீரியாவில் கல்லூரிச் சாப்பாட்டுக் கட்டணம் உயர்ந்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். இப்போது அவர்கள் கோபம் வெளிநாட்டின் மீது அல்ல. சொந்த சர்க்காரின் மீது. பதிலுக்குத் துப்பாக்கி வெடித்தது. மாணவர்கள் பலியானார்கள்.

தனக்கு ஒத்துவரும் குரலைக் கேட்பான் சர்வாதிகாரி. ஒத்துவராத குரலை அடக்குவான். வித்தியாசம் அங்கேதான்.

அயூப்கானின் பாடு

ஆனால் அடக்கிய குரல் என்றும் அடங்கிக் கிடக்காது. அதற்குச் சாட்சி பாகிஸ்தான்.

வெலிங்டன் கல்லூரி முன்பு குவெட்டா நகரில் இருந்தது. 1947-ல் நாடு பிரிந்தபோது, குவெட்டா பாகிஸ்தானுக்குப் போயிற்று. இந்தியாவின் கல்லூரி நீலகிரி மலை ஏறியது.

பாகிஸ்தானில் 1958-ல் தளபதி அயூப்கான் ஆட்சியைப் பிடித்தார். பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டு. 1965-ல் இந்தியாவோடு யுத்தம் வந்தது. "வெற்றி நமக்கே" என்று ரேடியோ முழங்கியது. மக்கள் நம்பினார்கள்.

1966 ஜனவரி 10-ந்தேதி, தாஷ்கண்ட் நகரில் லால்பகதூர் சாஸ்திரியும் அயூப்கானும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அன்று இரவே சாஸ்திரி அங்கே காலமானார். இந்தியா அழுதது.

பாகிஸ்தானிலோ மக்கள் திகைத்தார்கள். "ஜெயித்த யுத்தத்தில் காஷ்மீர் கிடைக்கவில்லையே, ஏன்?" என்று கேட்டார்கள். லாகூரில் மாணவர்கள் கிளர்ந்தார்கள். போலீஸ் சுட்டது. வெளிநாட்டு மந்திரியாக இருந்த பூட்டோ பதவியை விட்டு விலகினார்; அந்தக் கோபத்தையே ஏணியாக்கி ஏறினார். விலைவாசியும் வேலையில்லாத் திண்டாட்டமும் சேர்ந்துகொண்டன. 1969 மார்ச் 25-ந்தேதி அயூப்கான் பதவி விலகினார்.

சமாதானம் செய்தது அவர் குற்றம் அல்ல. தோற்றதையும் ஜெயித்ததையும் மக்களிடம் மறைத்ததே குற்றம். ஊதிப் பெரிதாக்கிய பலூன், ஊதியவர் முகத்திலேயே வெடித்தது!

ஓட்டுச் சீட்டின் மதிப்பு

குடியாட்சியில் மக்களின் கோபம் ஓட்டுச் சீட்டாக வருகிறது. ரத்தம் சிந்தாமல் ஆட்சி மாறுகிறது. சர்வாதிகார நாட்டில் அதே கோபம் ஊர்வலமாக, கடையடைப்பாக, சில சமயம் பிணமாக வருகிறது. அதை முன்கூட்டி அறிய ஆளுகிறவருக்கும் வழி இல்லை. பயந்தவன் உண்மையைச் சொல்லமாட்டான் அல்லவா?

ஒபசாஞ்சோ இதை உணர்ந்தார் போலும். 1979 அக்டோபர் 1-ந்தேதி, தேர்தலில் வென்ற ஷெகு ஷகாரியிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு, பண்ணைத் தொழிலுக்குப் போனார். 1999-ல் அவரே தேர்தலில் நின்றார், ஜெயித்தார், 8 ஆண்டு ஆண்டார்.

முதல் தடவை துப்பாக்கி தந்த பதவி. இரண்டாம் தடவை ஓட்டுப் பெட்டி தந்த பதவி!