ஒரு மலை எத்தனை பேரைத் தாங்கும்? அதுக்கும் ஒரு படிப்பு இருக்கு

‘ரெக்ரியேஷன் அட்மினிஸ்ட்ரேஷன்’னு ஒரு பட்டப்படிப்பு உண்டு. தமிழில் பொழுதுபோக்கு நிர்வாகம்னு சொல்லலாம். கேட்டதும் “பொழுது போக்குறதுக்கு டிகிரியா?”ன்னுதான் தோணும். ஆனால் அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களில் பல பத்தாண்டுகளாக இருக்கிற துறை இது. பூங்கா, கடற்கரை, மலை மாதிரியான பொது இடங்களை மக்களும் அனுபவிக்கணும், இடமும் கெடக்கூடாது. அதை எப்படி நடத்துறதுங்கிறதுதான் பாடம்.

நம்ம பக்கத்து உதாரணமாகப் பெருமுக்கல்லை எடுத்துக்கலாம். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போற வழியில் இருக்கு. மலைமேல் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள சிவன் கோயில். சீதை குகைன்னு சொல்ற இடத்தில் தொல்பழங்காலப் பாறைக் கீறல்கள். இங்கிருந்த கோட்டைக்காக 1760ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியிருக்காங்க. சுற்றுவட்டாரத்திலோ கல்குவாரிகள்.

சாமி கும்பிட வர்றவர், கல்வெட்டு பார்க்க வர்றவர், சும்மா மலையேற வர்ற பசங்க. மூணு பேருக்கும் மலை ஒண்ணுதான், தேவை வேறவேற. பாதை எது, குடிதண்ணி எங்கே, குகைக்குள் ஒரே நேரத்தில் எத்தனை பேர் போகலாம்? இதையெல்லாம் யாராவது யோசிச்சு வைக்கணும். கோயில் சுவர் இடிஞ்சா திரும்பக் கட்டலாம். அந்தக் கீறல்கள்மேல் ஒருத்தர் ஆணியால் தன் பேரைக் கீறிட்டா, போனது போனதுதான்.

இந்தத் துறையின் மையக் கருத்துகளில் ஒண்ணு ‘தாங்குதிறன்’. 1964ல் ஆலன் வேகர் என்கிற அமெரிக்க ஆய்வாளர் இதைப் பத்தி எழுதினார். மண்ணும் மரமும் எவ்வளவு தாங்கும்னு பார்த்தால் மட்டும் போதாது, வர்றவங்க எதைத் தேடி வர்றாங்கன்னும் பார்க்கணும்ங்கிறது அவர் வாதம். அமைதி தேடி வந்தவருக்கு ஐம்பது பேரே கூட்டம். திருவிழாவுக்கு வந்தவருக்கு ஐயாயிரம் பேரும் கூட்டமில்லை.

ஏட்டுக் கணக்குன்னு நினைக்க வேண்டாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் வந்ததே, அதுக்குப் பின்னால் இருப்பதும் இதே கேள்விதான். 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள்னு வரம்பே வெச்சாங்க.

நம்மூரில் இந்தப் படிப்பு துண்டு துண்டா சிதறிக் கிடக்கு. பெருமுக்கல்லுக்கு ரொம்பத் தூரமில்லாத காலாப்பட்டில், புதுவைப் பல்கலைக்கழகத்தில் சுற்றுலாத் துறை இருக்கு. விளையாட்டு நிர்வாகம் உடற்கல்விப் பக்கம் போயிடுச்சு. கல்வெட்டு தொல்லியல் மாணவருக்கு, மரம் வனவியல் மாணவருக்கு. ஊட்டி அளவுக்குக் கூட்டம் சேர்ந்தால் நீதிமன்றம் வரைக்கும் விஷயம் போகும். பெருமுக்கல் மாதிரிச் சின்ன மலைகளுக்கு அந்தக் கணக்கைக் கூட்டம் வர்றதுக்கு முன்னாடியே போட ஆள் வேணும். சுற்றுலாவோ தொல்லியலோ படிக்கிற மாணவர்கள் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடினால், இதை எடுத்துப் பார்க்கலாம்.