எடை சரி, இடுப்பு?

புனே கே.இ.எம். மருத்துவமனையின் நீரிழிவு ஆய்வாளர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடலில் உள்ள கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2.

நம்மில் பலருடைய உடல்வாகு இதுதான். கை கால் மெலிந்திருக்கும், வயிறு மட்டும் முன்தள்ளியிருக்கும். எடை கூடவில்லை என்பதால் கவலையும் இருக்காது. இதன் வேர் கருவிலேயே தொடங்குகிறது என்கிறது யாஜ்னிக் குழு. புனே சுற்றுவட்டாரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. குறைந்தது பெரும்பாலும் தசைதான். கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை.

வயிற்றில் கொழுப்பு இரண்டு இடங்களில் சேர்கிறது. விரலால் கிள்ளினால் பிடிபடுவது தோலுக்கு அடியில் இருப்பது. அதனால் கெடுதல் குறைவு. குடலையும் மற்ற உறுப்புகளையும் சுற்றி உள்ளே படிவதுதான் ஆபத்தானது. குடல் பகுதியின் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குப் போவதால், அங்குள்ள கொழுப்பு அமிலங்களும் அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களும் முதலில் தாக்குவது கல்லீரலைத்தான். மதுவைத் தொடாதவருக்கும் 'ஃபேட்டி லிவர்' வருவது இப்படித்தான். பிறகு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ட்ரைகிளிசரைடும் ஏறுகின்றன. நல்ல கொலஸ்ட்ரால் இறங்குகிறது. 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வில், மாரடைப்பு அபாயத்தை பி.எம்.ஐ.யைவிட இடுப்பளவே தெளிவாகக் காட்டியது.

அறுவை சிகிச்சையில் கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிட்டால்? அமெரிக்காவில் உடல் பருமன் கொண்ட 15 பெண்களுக்கு அப்படி எடுத்துப் பார்த்தார்கள். வயிறு சிறுத்தது. சில வாரங்கள் கழித்துச் சோதித்தபோது இன்சுலின் செயல்பாடு, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எதுவும் மேம்படவில்லை. எடுத்ததெல்லாம் தோலடிக் கொழுப்பு. உள்ளே இருந்தது அப்படியே இருந்தது.

வயிற்றுக்கு மட்டுமான பயிற்சிகளாலும் தொப்பை கரையாது. அவை தசையைத்தான் வலுவாக்கும். வேகமான நடை, நீச்சல், சைக்கிள் என்று முழு உடலும் இயங்கும்போது உட்கொழுப்பு நன்றாகவே குறைகிறது. எடை அதிகம் இறங்காதபோதும் இது நடக்கிறது என்பது பெரிய ஆறுதல். வாரத்துக்கு 150 நிமிடமாவது நடக்க வேண்டும். தட்டில் சோற்றைக் குறைத்துக் காயையும் பருப்பையும் கூட்டுவது, இனிப்புப் பானங்களையும் மதுவையும் விடுவது இரண்டும் இதோடு சேரவேண்டும்.

பேன்ட் சைஸை நம்ப வேண்டாம். பலர் பேன்ட்டையும் வேட்டியையும் தொப்பைக்குக் கீழேதான் கட்டுகிறார்கள். தொப்பை வளர்ந்தாலும் அந்த அளவு பெரிதாக மாறாது. தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். தெற்காசியர்களுக்கான வரம்பு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டியிருந்தால், எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும், சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் மூன்றையும் தள்ளிப்போடாமல் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.