மெஜந்தா கோடும் மேகத்துக்குள் இறங்கும் கணக்கும்

லேப்டாப்பில் ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் முதலில் பழகிக்கொள்ளும் குறுக்குவழி, ஜிபிஎஸ் கருவியில் உள்ள ‘டைரக்ட் டு’ பொத்தான். அதை அழுத்தி, போக வேண்டிய விமான நிலையத்தின் நான்கெழுத்துக் குறியீட்டைக் கொடுத்தால் திரையில் மெஜந்தா நிறத்தில் ஒரு கோடு விழும். ஆட்டோபைலட்டை அந்தக் கோட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டால் விமானம் தானாகவே போய்ச் சேரும். வானம் தெளிவாக இருக்கும்வரை இதில் ஒரு சிக்கலும் இல்லை. மேகத்தின் அடிமட்டத்தை 500 அடிக்கு இறக்கிவைத்துவிட்டு அதே வேலையைச் செய்து பாருங்கள். விமான நிலையத்தின் தலைக்கு மேலே 4,000 அடியில் வெறும் வெள்ளைக்குள் சுற்றிக்கொண்டிருப்பீர்கள். அவசரப்பட்டு இறங்கினால் வழியில் இருக்கும் குன்றில் மோதுவீர்கள்.

ஓடுபாதை எந்தப் பக்கம் என்பதைத்தான் கோடு சொல்கிறது. எந்த இடத்தில் எவ்வளவு உயரத்துக்குக் கீழே போகக் கூடாது, எதுவரை வந்தும் ஓடுபாதை தெரியாவிட்டால் மேலேறிவிட வேண்டும் என்பதெல்லாம் அதில் இல்லை. அவற்றை வரையறுப்பது விமானிகள் ‘அப்ரோச்’ என்று சொல்லும் இறங்குமுறை. சிமுலேட்டரை விளையாட்டிலிருந்து பயிற்சியாக மாற்றுவதும் இதுதான்.

சிமுலேட்டர் என்ற பொருள் பிழைத்ததே இந்தத் தேவையால்தான். அமெரிக்காவின் பிங்காம்டன் நகரில் பியானோவும் ஆர்கனும் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க், ஆர்கனின் துருத்திகளைக் கொண்டே ஆடி அசையும் ஒரு பயிற்சி விமானத்தை 1929-ல் செய்து முடித்தார். முதலில் அதைப் பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் வாங்கின. 1934-ல் தபால் விமானங்களை ஓட்டும் பொறுப்பு அமெரிக்க ராணுவத்தின் கைக்கு வந்தது. பனியிலும் மேகத்திலும் பறந்து பழக்கமில்லாத ராணுவ விமானிகள் அடுத்தடுத்து விபத்தில் இறந்தார்கள். அதன் பிறகே ராணுவம் 6 லிங்க் கருவிகளை வாங்கியது. மூடியைச் சாத்திவிட்டால் உள்ளே இருப்பவருக்கு முன்னால் உள்ள முட்களைத் தவிர வேறெதுவும் தெரியாது. இன்றைய சிமுலேட்டர்கள் தெருவையும் மரத்தையும் அச்சு அசலாகக் காட்டுகின்றன. ஆனால், மேகத்துக்குள் நுழைந்த நொடியில் லிங்கின் பெட்டிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

ஒரு ஜிபிஎஸ் அப்ரோச்சில் மூன்று பகுதிகள் உண்டு: தொடக்கம், இடை, இறுதி. ஒவ்வொன்றும் பெயர் சூட்டிய ஒரு வழிப்புள்ளியில் தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்ச உயரம் ஒன்று இருக்கும். அது குத்துமதிப்பாக வைத்த எண் அல்ல. ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓவின் விதிப்படி, தொடக்கப் பகுதியில் கீழே இருக்கும் மலை, கோபுரம் எதுவாக இருந்தாலும் அதன் உச்சியிலிருந்து 300 மீட்டர் இடைவெளி வேண்டும். இடைப்பகுதியில் அது 150 மீட்டராகிறது. செங்குத்து வழிகாட்டல் இல்லாத அப்ரோச்சின் இறுதிப் பகுதியில் 75 மீட்டர்தான் மிச்சம். ஓடுபாதையை நெருங்க நெருங்க, பாதுகாப்புக்கு விட்டுவைத்த இடைவெளியும் சுருங்கிக்கொண்டே வருகிறது.

75 மீட்டர் என்பது சுமார் 246 அடி. சிமுலேட்டர் பழக்கம் ஒன்று இதை எப்படி விழுங்கிவிடும் என்று பாருங்கள். விமானத்தின் உயரமானி காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்கிறது. அந்த ஊரின் அன்றைய அழுத்தத்தை விமானி அதில் திருகி வைக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் கீபோர்டில் ‘பி’ விசையைத் தட்டினால் அது தானாகச் சரியாகிவிடும் என்பதால் பலர் இதைப் பற்றி யோசிப்பதே இல்லை. தாழ்வு மண்டலம் கரையை நெருங்கும் நாளொன்றில் கடல்மட்ட அழுத்தம் 1003 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். கருவியில் வழக்கமான 1013 அப்படியே இருக்கிறது. தரைக்கு அருகில் ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 27 அடி. ஆக, முள் காட்டுவதைவிட 270 அடி கீழே பறந்துகொண்டிருப்பீர்கள். விதி தந்த 246 அடியும் காலி. ஜிபிஎஸ் கோட்டில் இம்மி பிசகாமல் போய்க்கொண்டிருக்கும்போதே இது நடக்கும்.

அடுத்தது, அப்ரோச்சைக் கருவியில் ஏற்றும் முறை. உண்மையான விமானத்தில் இறுதிப் பகுதியின் புள்ளிகளை விமானி கையால் தட்டெழுதிச் சேர்க்கக் கூடாது. கருவியின் தரவுத்தளத்திலிருந்து முழு இறங்குமுறையையும் பெயர் சொல்லித்தான் எடுக்க வேண்டும். அந்தத் தரவு உலகம் முழுவதும் 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. வீட்டு சிமுலேட்டர்களுக்கும் அதே சுழற்சியில் தரவு கிடைக்கிறது. கையிலிருக்கும் வரைபடம் ஒரு சுழற்சியிலும் சிமுலேட்டர் வேறொரு சுழற்சியிலும் இருந்தால், புள்ளியின் பெயரே மாறியிருக்கலாம். முறைப்படி ஏற்றுவதில் இன்னொரு பலனும் உண்டு. விலகலைக் காட்டும் முள்ளின் அளவுகோலைக் கருவி தானாகவே மாற்றிக்கொள்ளும். நீள்பயணத்தில் முள் ஓரத்தில் முட்டினால் நீங்கள் 2 கடல் மைல் விலகியிருக்கிறீர்கள் என்று பொருள். நிலையத்தை நெருங்கும்போது அதே விலகல் 1 கடல் மைல். இறுதிப் பகுதியை எட்டும்போது 0.3. செயற்கைக்கோள் செங்குத்து வழிகாட்டலும் தரும் ‘எல்பிவி’ அப்ரோச்சில் ஓடுபாதையின் முனையருகே வெறும் 350 அடி. ‘டைரக்ட் டு’ போட்டு வருபவரின் முள் இந்த அளவுக்குச் சுருங்காது. பாதையில் இருப்பதாக நினைத்துக்கொண்டே நெடுந்தூரம் தள்ளிப் போய்க்கொண்டிருப்பார்.

இறுதிப் பகுதியின் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். இறங்கும் கோணம் பொதுவாக 3 டிகிரி. ஒரு கடல் மைலுக்கு 318 அடி இறக்கம். ஓடுபாதை முனையை 50 அடி உயரத்தில் கடக்க வேண்டுமென்றால், 5 கடல் மைலுக்கு முன்னால் 1,640 அடியில் இருக்க வேண்டும். செஸ்னா 172-ல் 90 நாட் வேகத்தில் வருகிறீர்கள். காற்று இல்லையென்றால் நிமிடத்துக்கு ஒன்றரை கடல் மைல். அப்படியானால் நிமிடத்துக்குச் சுமார் 480 அடி இறங்க வேண்டும். எதிரே 20 நாட் காற்று அடித்தால் தரைவேகம் 70 ஆகிவிடும். அப்போது 370 அடி போதும். காற்றைக் கவனிக்காமல் 480-லேயே இறங்கினால் ஓடுபாதைக்கு முன்பாகவே தரை வந்துவிடும். 200 அடி முடிவு உயரம் கொண்ட எல்பிவி அப்ரோச்சில் அந்த உயரத்தைத் தொடும்போது முனைக்கு இன்னும் அரை கடல் மைல்கூட இல்லை. 90 நாட்டில் 19 விநாடிப் பயணம். ஓடுபாதை விளக்குகள் தெரிகின்றனவா, இல்லையா? தெரியாவிட்டால் இன்னும் கொஞ்சம் இறங்கிப் பார்க்கலாம் என்பதற்கே அங்கே இடமில்லை. உடனே மேலேற வேண்டும்.

கோட்டை நம்பி இறங்குமுறையைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1995 டிசம்பர் 20 இரவு ஒரு சாட்சி. மயாமியிலிருந்து கொலம்பியாவின் காலி நகருக்கு வந்துகொண்டிருந்தது அமெரிக்கன் ஏர்லைன்ஸின் போயிங் 757. தெற்குப் பக்கம் சுற்றி வராமல் நேரே வந்து இறங்கலாமே என்று கட்டுப்பாட்டு அறை கேட்டது, விமானிகள் ஒப்புக்கொண்டார்கள். விமானமோ உயரமாகவும் வேகமாகவும் வந்துகொண்டிருந்தது. நேரம் போதவில்லை. ரோசோ என்ற வானொலிக் கம்பத்தை நோக்கித் திரும்ப, வரைபடத்தில் கண்டபடி ‘ஆர்’ என்ற ஒற்றை எழுத்தைக் கணினியில் தட்டினார்கள். பட்டியலில் முதலில் வந்தது ரோசோ அல்ல. 100 மைலுக்கும் அப்பால், பொகோட்டா அருகே இருந்த ரோமியோ. விமானம் பள்ளத்தாக்கை விட்டு இடப்புறம் மலைப் பக்கம் திரும்பியது. தரை நெருங்குவதாக எச்சரிக்கை ஒலித்ததும் முழு விசையோடு மேலேற முயன்றார்கள். இறங்குவதற்காக விரித்த வேகத்தடைப் பலகைகளை மடக்கவில்லை. விமானத்தில் இருந்த 163 பேரில் 159 பேர் இறந்தார்கள்.

விமானம் எங்கே இருக்கிறது என்று அந்தக் கணினிக்குத் தெரியாமல் இல்லை. சொன்ன இடத்தை நோக்கித்தான் திருப்பியது. தட்டிய புள்ளி எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று வரைபடத்தோடு ஒரு முறை ஒப்பிட்டிருந்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்திருக்கும். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அதே நிறுவனத்தின் பயிற்சி விமானி வாரன் வாண்டர்பர்க் ஆற்றிய உரையில், திரைக் கோட்டையே பார்த்துப் பறக்கும் விமானிகளை ‘மெஜந்தாவின் பிள்ளைகள்’ என்று அழைத்தார். விமானத் துறையில் அந்தப் பெயர் இன்றும் வழங்குகிறது. சிமுலேட்டரில் அப்ரோச்சை ஏற்றிய கையோடு ஒவ்வொரு புள்ளிக்கும் திசை, தூரம், உயரம் மூன்றையும் வரைபடத்தில் விரல்வைத்துச் சரிபார்த்துவிடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

சிமுலேட்டர் மறைக்கும் விஷயம் ஒன்றும் இருக்கிறது. விமானத்தை அந்த இடத்தில் வைத்ததே நிரல்தான் என்பதால், இருப்பிடத்தை அது தேட வேண்டியதில்லை. சில நவீன சிமுலேட்டர் கருவிகள் செயற்கைக்கோள்களின் நிலையையும் கணக்கிட்டுக் காட்டினாலும், வானிலிருந்து எந்த அலையும் வந்து சேர வேண்டியதில்லை. உண்மையான கருவியின் பாடு வேறு. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் மெலிந்த அலைகளின் பயண நேரத்தை அது அளக்கிறது. ஒரு மைக்ரோவிநாடி பிசகினால் 300 மீட்டர் தள்ளிப்போகும். இடம், உயரம், நேரம் மூன்றும் கிடைக்க 4 செயற்கைக்கோள்கள் தேவை. அவற்றில் ஒன்று பொய் சொல்கிறதா என்று கண்டுபிடிக்க ஐந்தாவது ஒன்று வேண்டும். பொய் சொல்வது எது என்று பிடித்து அதை ஒதுக்கிவைக்க ஆறாவது. வழிகாட்டும் கருவி தன்னை நம்ப வேண்டாம் என்று தானே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். விமானத் துறை ஜிபிஎஸ்ஸிடம் கேட்ட முக்கியமான தகுதி அதுதான்.

இந்தத் தகுதியைப் பெறுவது இந்திய வானில் கூடுதல் சிரமம். காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டிப் போகிறது; தும்பாவை ராக்கெட் ஏவுதளமாகத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுவே காரணம். இப்பகுதியில் அயனி மண்டலம் அடர்த்தியானது. சூரியன் மறைந்த பிறகு அதில் குமிழிகள் எழும்பி ஜிபிஎஸ் அலைகளைத் தாமதப்படுத்தும், சிதறடிக்கும். இஸ்ரோவும் இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ‘ககன்’ அமைப்பு, நாடெங்கும் உள்ள தரை நிலையங்களில் இந்தப் பிழையை அளந்து, திருத்தத்தையும் எச்சரிக்கையையும் ஜிசாட் செயற்கைக்கோள்கள் வழியாக விமானங்களுக்கு அனுப்புகிறது. செங்குத்து வழிகாட்டலுக்கான சான்று 2015-ல் கிடைத்தது. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் ககன் துணையோடு எல்பிவி முறையில் இறங்கியது. இடையூறு இயற்கையிலிருந்து மட்டும் வருவதில்லை: போர் நடக்கும் பகுதிகளை ஒட்டிப் பறக்கும் விமானங்கள் இன்று பொய்யான ஜிபிஎஸ் அலைகளையும் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே, அப்ரோச்சைப் பழகிய பிறகு சிமுலேட்டரின் ஜிபிஎஸ்ஸைப் பழுதாக்கிப் பாருங்கள். எக்ஸ்-பிளேன் போன்றவற்றில் கருவிகளைப் பழுதாக்கவே தனிப் பட்டியல் உண்டு. இறுதிப் பகுதியில் எச்சரிக்கை வந்தால் இறக்கத்தை அங்கேயே விட்டுவிட வேண்டும். விசையைக் கூட்டி, மேலேறி, வரைபடத்தின் அடியில் எழுதியிருக்கும் மீளேற்றப் பாதையில் போய், குறிப்பிட்ட இடத்தில் வட்டமிட்டபடி அடுத்து என்ன செய்வதென்று முடிவெடுக்க வேண்டும். வீட்டு சிமுலேட்டரில் அதிகம் பேர் தொடாத பகுதி இதுதான்; தவறினால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கிவிடுவார்கள்.

மேகத்தின் அடிமட்டத்தை முடிவு உயரத்துக்கு 100 அடி கீழே வைத்துவிட்டு ஒரு அப்ரோச்சை முழுமையாகப் பறந்து பாருங்கள். இறங்கவே முடியாத அந்தப் பயிற்சி, நல்ல வெயிலில் இறங்கும் பத்துத் தரையிறக்கங்களைவிட அதிகம் கற்றுத் தரும். கருவிகளை நம்பிப் பறக்கும் உரிமையைத் தக்கவைக்க அமெரிக்க விமானிகள் 6 மாதத்துக்குள் 6 அப்ரோச்சாவது செய்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட சிமுலேட்டரில் செய்ததும் அந்தக் கணக்கில் சேரும். முடிவு உயரம்வரை முறையாக வந்து, ஓடுபாதை தெரியாமல் மேலேறியதும் அதில் ஒன்றுதான்.