முற்றலும் பழுத்தலும்: அப்பிளை முன்வைத்து ஒரு விளக்கம்

சீனன்குடாவின் வெப்பத்தில் அப்பிள் விளைவதில்லை. அதன் மொட்டு விழிக்கக் குளிர்காலம் வேண்டும். இங்கு விற்கப்படும் அப்பிள் கடல் கடந்து வருவது. சிலவேளை மரத்தை விட்டு நீங்கிப் பல மாதங்கள் ஆனது. பறித்த மாங்காய் சில நாட்களிற் கனிந்து அழிய, இது மட்டும் இறுக்கங் குலையாதிருப்பது எவ்வாறு?

தமிழ் வழக்கு முற்றுதலையும் பழுத்தலையும் வேறுபடுத்தியே வந்துள்ளது. முற்றாது பழுத்ததை 'வெம்பல்' என்போம். உழவர் அனுபவத்தில் பிறந்த இவ்வேறுபாடு தாவர உடற்றொழிலியலுக்கும் பொருந்துவதாகும். முற்றுங்கால் காய் மாப்பொருளைச் சேமிக்கிறது. பின்னர் எதிலீன் வாயு பெருகுகிறது. அது தன் உற்பத்தியைத் தானே மேலும் தூண்டுகிறது. சுவாசம் உயர, மாப்பொருள் வெல்லமாகிறது, கலச்சுவர் நெகிழ்கிறது, மணம் பிறக்கிறது. (அளவு மாற்றம் பண்பு மாற்றமாவதற்கு இதனை உதாரணங் காட்டும் ஆசை எம்மனோர்க்கு எழலாம். இயற்கையை நமது நூல்களுக்கு உரையாக்கும் அவ்வாசையை அடக்கிக்கொள்வதே நன்று.)

எதிலீனாக்கத்துக்கு வேண்டிய நொதியமொன்றின் பரம்பரையலகு 'பியூஜி' வகையில் மந்தமாகவே இயங்குகிறது. அதனால் அது நெடுநாள் தாங்கும். ஏனைய வகைகளைக் குளிரூட்டி, ஒட்சிசன் குறைத்த அறைகளில் அடைத்துப் பழுத்தலைத் தாமதிக்கின்றனர். ஆயினும் பறிக்கும் நாள் பிழைத்தால் இவை பயன்தரா. முந்திப் பறித்தது சுவையும் மணமும் குன்றும். பிந்திப் பறித்தது களஞ்சியத்தில் விரைவில் மென்மையாகும். எனவே வெட்டிய அப்பிளில் அயடீன் தடவி, நீலக்கறுப்பு நிறம் எவ்வளவு பரவுகிறதெனப் பார்த்து எஞ்சிய மாப்பொருளை மதிப்பிடுகின்றனர்.

1925இல் கிட், வெஸ்ற் ஆகியோர் அப்பிளின் சுவாச எழுச்சியை விவரித்தனர். பழுக்கும் அப்பிள் எதிலீனை வெளியிடுவதை 1934இல் கேன் நிறுவினார். இவ்வாய்வுகளை வளர்த்த பிரித்தானிய உணவாராய்ச்சி அமைப்பு, குடியேற்ற நாடுகளின் பழங்களைக் கப்பலில் அழுகாது கொணரும் தேவையோடு பிணைந்திருந்தது.

மாவும் எதிலீனாற் பழுப்பதே. ஆனால் நமது சந்தையை எட்டிய உத்தி பெரும்பாலும் கல்சியம் காபைட். ஈரம் பட்டதும் அது விடும் அசற்றலீன் தோலை மஞ்சளாக்கும். ஆசனிக், பொசுபரசு மாசுகளும் உடன்வரும். இந்தியாவின் 2011ஆம் ஆண்டு உணவு ஒழுங்குவிதிகள் இதனைத் தடைசெய்துள்ளன. எனினும், காய் சேமித்திராத மாப்பொருளை எவ்வாயுவும் வெல்லமாக்காது. நஞ்சற்ற எதிலீன் அறைக்குள்ளும் வெம்பல் வெம்பலே.

கறுத்தக்கொழும்பானை முந்திப் பறிப்பவர் அறியாமையாற் பறிக்கிறார் என்பது படித்தோர் கூற்று. காம்பைச் சூழ்ந்த தோள்கள் திரண்டதைக் கண்டு முற்றலை உணரும் கண் அவருக்குண்டு. பூத்தபோதே மரத்துக்கு முன்பணம் வாங்கியிருப்பின், பறிக்கும் நாளைக் குறிப்பவர் வியாபாரி. அவர் கணக்கில் பருவத்தின் முதற்சந்தை விலையே பெரிது.