தனிமைத் தீவு தரும் படிப்பினை

இடைசெவல், கோவில்பட்டி அடங்கிய பழைய திருநெல்வேலிச் சீமையினின்று இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்றோர் பலர், கடல் கடக்குமுன் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைக்கப்பட்டனர். அத்தகைய முகாமொன்று இன்று பூங்காவாகிப் பார்வைக்குக் கிடைப்பதைக் காண விழைவோர் சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவுக்குச் செல்லலாம். மரீனா சவுத் துறையினின்று படகு உண்டு. தீவில் கடைகள் இல்லையாதலால் உணவும் நீரும் உடன் கொண்டு செல்லல் வேண்டும்.

1873இல் சிங்கப்பூரில் வாந்திபேதி பரவியதையடுத்து, 1874இல் இங்குத் தடுப்பு நிலையம் திறக்கப்பட்டது. சீனத்தினின்றும் தமிழகத்தினின்றும் வந்த தொழிலாளர்களும், ஹஜ்ஜை முடித்துத் திரும்பிய ஹாஜிகளும் இங்குத் தங்க வைக்கப்பட்டனர். பின்னாளில் அரசியல் கைதிகளின் சிறையாகவும், அபின் பழக்கமுடையோரின் மறுவாழ்வு இல்லமாகவும் விளங்கிய இத்தீவு, 1975 முதல் ஓய்விடமாயிற்று. அண்மையிலுள்ள செந்தோசாத் தீவில் ஆங்கிலேயரின் சிலோசோ கோட்டை பீரங்கிகளுடன் நிற்கிறது. துறைமுகத்தைப் பகைவரினின்று காக்க அது. நோயினின்று காக்க இது. கோட்டை இருந்தும் 1942 பிப்ரவரி 15இல் நகர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது.

நோய்க்கு அஞ்சி ஒதுங்குதல் தவக்குலுக்கு முரணாகாதா என்று சிலர் வினவுவர். ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் புறப்பட்டு ஸர்ஃகை அடைந்தபோது, அங்குக் கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து திரும்ப முடிவு செய்தார்கள். இறைவிதியினின்று ஓடுவதா என அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவ, ஒரு விதியினின்று மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்னும் கருத்தில் விடையளித்தார்கள். பசும்புல் நிலத்தில் மேய்த்தாலும் வறண்ட நிலத்தில் மேய்த்தாலும் ஒட்டகங்கள் மேய்வது இறைவிதிப்படியே என்பது அவர்கள் காட்டிய உவமை. வானம் பார்த்த கரிசல் மக்களுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ!

நோயுள்ள ஊருக்குள் நுழையாதீர்; நோய் வந்த ஊரினின்று வெளியேறாதீர் என்பதே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்த நெறி. இது ஏழைக்கும் தலைவருக்கும் பொது. படைத்தலைவரான அபூ உபைதா (ரலி) அவர்கள் தம் மக்களைப் பிரியாது, ஹிஜ்ரி 18இன் அம்வாஸ் கொள்ளைநோயில் உயிர்நீத்தார்கள். தீவிலோ, தடுத்து வைக்கப்பட்டோரில் பெரும்பாலோர் கப்பல் தளத்தில் மலிவுக் கட்டணத்தில் வந்த எளியோரே.

தடுத்து வைத்தலில் தவறில்லை. அதன் சுமையை எளியோர் மீது மட்டும் ஏற்றுதலே தவறு. 2020இன் பெருந்தொற்றைக் கண்ட நாம், அத்தீவின் கரையில் நின்று சிந்திக்க வேண்டியது இதுவே.