பூனைக்குட்டியை யாரிடம் கொடுப்பது?

திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட் குடோனில் மெத்தென்ற துணி உண்டு, மறைவு உண்டு, எலியும் உண்டு. தாய்ப்பூனை குட்டி போட வேறென்ன வேண்டும்? மூட்டையைப் பிரிக்கையில் குட்டிகள் தென்பட்டால், சாக்கில் அள்ளி மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. தீபாவளி லீவில் ஊருக்குப் போகும்போது, லைன் வீட்டில் வளர்த்த பூனையைத் தெருவில் விட்டுப் போகிறவர்களும் உண்டு. இரண்டுமே பூனையைக் கைவிடுவதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

தக்க காரணமின்றி ஒரு பிராணியைப் பசி தாகத்தில் வாடும்படி கைவிடுவது, 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறை அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். 3 ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 3 மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. விஷம் வைத்துக் கொன்றாலோ கதையே வேறு: பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

விஷம் வைத்த புகாருக்குப் போலீசார் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடலாம். கைவிட்ட புகாரை விசாரிக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். அதனால் ஸ்டேஷனில் மனு கொடுத்ததும், அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வதைத் தடுப்புச் சட்டத்தில் 3 மாதத்துக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும். போட்டோவும் தேதியும் கையில் இருக்கட்டும்.

கொடுப்பதற்கு முன்

எட்டு வாரம் வரை குட்டிகள் தாயோடு இருக்கட்டும். தாய் இரை தேடப் போயிருக்கலாம். அநாதை என்று அவசரப்பட்டுத் தூக்காதீர்கள். பசும்பால் கொடுத்தால் வயிற்றால் போகும். தாயில்லாத குட்டிக்கு, கடையில் கிடைக்கும் பூனைக்குட்டிப் பால் பவுடரே ஏற்றது. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி.

கேட்டு வருகிறவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள்:

• ஹவுஸ் ஓனர் சம்மதித்தாரா?
• பண்டிகை லீவில் யார் பார்த்துக்கொள்வார்?
• ஊசிக்கும் கருத்தடை ஆபரேஷனுக்கும் யார் செலவு செய்வார்?
• முன்பு வளர்த்த பூனை என்ன ஆனது?

வாடகை வீடுகள் நிறைந்த இந்த ஊரில் முதல் இரண்டுக்கும் தெளிவான பதில் வராவிட்டால், குட்டி மறுபடி தெருவுக்குத்தான் வரும். குட்டியைக் கம்பெனி கேட்டில் வைத்துக் கொடுக்காமல், வீடுவரை கொண்டுபோய்ப் பார்த்துக் கொடுங்கள். வளர்க்க முடியாமல் போனால் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

கடித்தால், பிறாண்டினால்

ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள்; ஊசி இலவசம்.

தாயை மறக்காதீர்கள்

பெண்பூனை நான்கைந்து மாதத்திலேயே சினையாகும். இரண்டே மாதத்தில் ஈனும். கருத்தடை ஆபரேஷன் பற்றி அரசு கால்நடை மருத்துவமனையிலோ உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ விசாரியுங்கள். குட்டிகளுக்கு மட்டும் வீடு தேடிவிட்டுத் தாயை அப்படியே விட்டால், அடுத்த லீவுக்குள் அதே குடோனில் அடுத்த ஈத்து வந்துவிடும்.